தடுக்கத் தடுக்கக் கூடும் மவுசு



களுபோவிலவில் பின்னேர ரியூசன் விட்டதும் பெடியன்கள் சிலர் கடை ஓரமாக ஒதுங்கி, ஒற்றைச் சிகரெட்டை மூன்று பேராகப் பகிர்ந்து இழுப்பதைக் காண்கிறேன். ருசிக்காக அவர்கள் இழுப்பதாகத் தெரியவில்லை. பாதிப் பேர் இருமுகிறார்கள். 'நான் சின்னப் பிள்ளை இல்லை' என்று காட்டத்தான் அந்தப் புகை.

இந்த மனதைப் புகையிலை வியாபாரிகள் எப்போதோ படித்துவிட்டார்கள். பெண்கள் தெருவில் புகைப்பது இழிவெனப்பட்ட 1929இல், சிகரெட் நிறுவனத்துக்காக வேலை செய்த விளம்பர நிபுணர் எட்வர்ட் பெர்னேஸ் நியூயோர்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம் பெண்களைச் சிகரெட்டுடன் நடக்கவிட்டு, அதற்குச் 'சுதந்திரத் தீப்பந்தம்' என்று பெயரும் சூட்டினார். ஊரின் கண்டிப்பே அவருக்கு விளம்பரமானது. நம் திரையில் ரஜினி தூக்கிப்போட்டுப் பிடித்த சிகரெட்டைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குச் சிகரெட்டின் இந்த மவுசை விளக்கவே தேவையில்லை.

நம் தொலைக்காட்சிகள் புகைக்கும் காட்சியை மங்கலாக்குகின்றன. நல்ல நோக்கம்தான். ஆனால் பிள்ளையின் கண் நேரே அந்த மங்கலுக்குத்தான் போகிறது.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்பது குற்றம். பெட்டியின் 80 வீதத்தை எச்சரிக்கைப் படம் மூடியிருக்கிறது. ஆனால் ஒற்றையாக வாங்கும் பெடியன் அந்தப் படத்தைக் காண்பதே இல்லை.

பெற்றோரே, அடிப்பதையும் ஒளிப்பதையும் விட்டு, இது எவருடைய வியாபாரம் என்று பிள்ளைகளுடன் பேசுங்கள். அதிகாரிகள் பாடசாலை, ரியூட்டரி அருகிலுள்ள கடைகளில் வயதுச் சட்டத்தைக் கண்டிப்பாக அமுல்படுத்த வேண்டும்.

வாசகர் ஒருவர்,
களுபோவில.