ஏரி ஊருக்கு, மீன் யாருக்கு?

மச்சாவதாரம் என்பர், மாலவனே மீனாக வந்தான் என்று மெய்சிலிர்ப்பர். கோயில் குளத்து மீனுக்குப் பொரி இறைத்துப் புண்ணியம் தேடுவர். ஆனால் மீன் பிடித்துப் பிழைப்பவனை மட்டும் ஊரின் ஓரத்திலே நிறுத்துவர்! மீனுக்கு வணக்கம், மீன் பிடிப்பவனுக்கு இழிவு! அன்று இந்த நீதியைச் சாத்திரம் வழங்கிற்று. இன்று அதையே ஏலச்சீட்டு வழங்குகிறது.

தோழர்களே! ஏறத்தாழ 39,000 ஏரிகளைக் கொண்டது தமிழகம். மழை பெய்து அவை நிரம்பினால் நெல்லுக்கும் வாழ்வு; மீனுக்கும் வாழ்வு. கட்லா மேல்மட்டத்திலே இரை தேடும். ரோகு நடுநீரிலே மேயும். மிர்கால் அடித்தளத்தைத் துழாவும். ஒன்றின் இரையை மற்றொன்று பறிப்பதில்லை. மீனினம் அறிந்த பங்கீட்டை மனிதர் அறிந்தாரில்லை!

இந்த மீன்கள் தேங்கிய நீரிலே தாமாக முட்டையிடுவதில்லை. ஆற்று வெள்ளத்திலே வலை விரித்தே முன்னாளில் குஞ்சு சேகரித்தனர். 1957 சூலை 10 அன்று, ஒடிசாவின் அங்குலிலே, ஹீராலால் சவுத்ரி என்ற அறிவியலாளர் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழி ஏற்றிக் கெண்டை இனத்தை முட்டையிடச் செய்தார். யாகம் செய்தாரா? மந்திரம் ஓதினாரா? இல்லை! ஆராய்ந்தார், வென்றார். இன்று குக்கிராமத்துக் குட்டையிலும் குஞ்சு விட்டு வளர்க்க முடிகிறதென்றால், அது பகுத்தறிவு தந்த பரிசு.

அந்தப் பரிசு யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது? ஊர் ஏரியின் மீன்பாசி உரிமை ஏலத்துக்கு வருகிறது. மொத்தப் பணத்தை முன்கூட்டிக் கட்டக்கூடியவர் யார்? நிலமும் வட்டித்தொழிலும் உடையவர். ஏரி அவர் பெயரில். வலை இழுக்கும் கை மட்டும் ஏழையுடையது. கரையிலே கூலி வாங்கிக் கலைகிறான் அவன். மீன் வண்டியேறிப் போகிறது!

பல ஊர்களில் குத்தகை ஓராண்டுக்கே. பசலி ஆண்டு சூலையிலே பிறக்கிறது; மழையோ ஐப்பசியிலே வருகிறது. நீர் நிற்பது சில திங்கள். அடுத்த ஆண்டு ஏரி எவருக்கோ! இந்நிலையில் நல்ல குஞ்சு வாங்கி விடுவார் எவர்? கரையைக் காப்பார் எவர்?

“ஏலத்தால்தானே ஊராட்சிக்கு வருமானம்?” என்று வினவுவர் சிலர். ஏலம் கேட்போர் தமக்குள் கூடிப் பேசி விலையை அடக்குவது ஊரறிந்த கதையன்றோ! ஊராட்சிக்கு வருமானம் வேண்டும், மறுப்பாரில்லை. நியாயமான வாடகையை நிர்ணயித்து, உழைப்போர் குழுவிடமிருந்து ஆண்டுதோறும் தவணையாகப் பெறலாமே!

உதவி இல்லாமலில்லை. உழவர் கடன் அட்டை 2018-19 வரவுசெலவுத் திட்டத்தால் மீன் வளர்ப்போருக்கும் விரிந்தது. 2020இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் திட்டம், பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் 60 விழுக்காடும் மானியம் என்றது. ஆனால் வாயிலிலே நிற்கிறது ஒரு கேள்வி: “குளம் உன்னுடையதா? குத்தகைப் பத்திரம் உண்டா?” பத்திரம் ஏலம் எடுத்தவரிடம்! எனவே கடனும் அவருக்கு, மானியமும் அவருக்கு, வியர்வை மட்டும் ஏழைக்கு!

ஆகவே மானியத்தை உயர்த்தினால் போதும் என்போர் நோயை விட்டு நிழலுக்கு மருந்திடுகின்றனர். முதலில் வேண்டுவது நீரின்மீது உரிமை. நிலமற்றோர், மகளிர், உள்நாட்டு மீனவர் ஆகியோரின் குழுக்களுக்கு ஐந்தாண்டுக்குக் குறையாத குத்தகை தருக! தரமான குஞ்சும், பனிக்கட்டியும், இடைத்தரகர் இல்லாச் சந்தையும் அருகிலேயே அமைக!

இளைஞர்களே! மேடையிலே சமத்துவம் முழங்கும் நீங்கள், மே 1இலும் ஆகஸ்ட் 15இலும் கூடும் கிராம சபையிலே எழுந்து கேளுங்கள்: நம் ஏரியை எடுத்தவர் யார்? எவ்வளவு தொகைக்கு? எத்தனை ஆண்டுக்கு? அதில் உழைப்பவர் பெயர் எங்கே? விடை வரும்வரை அமராதீர்கள். ஏரி ஊருடையது, அதன் மீன் உழைப்பவருடையதாகட்டும்!