ஆட்டக்காரர் மாறலாம், அண்டை வீட்டார் மாறலாமா?

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் இப்போதெல்லாம் அரசியலைவிட அதிகம் பேசப்படுவது ஐ.பி.எல். கிரிக்கெட்தான். ஆட்டம் நடக்கும் இரண்டு மாதங்களோடு அது முடிவதில்லை. யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவிப்பது, ஏலத்தில் யாரை எடுப்பது என்று ஆண்டு முழுவதும் விவாதம்தான்.

2025 நவம்பரில் சென்னை அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்துகளில் 10 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது, ஆறும் நான்கும் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவரை அனுப்பலாமா என்றது ஒரு கட்சி. 2025-இல் கடைசி இடத்துக்கு இறங்கிய அணிக்கு நல்ல மட்டையாளரும், தோனிக்குப் பின் விக்கெட் காக்க ஓர் ஆளும் வேண்டாமா என்றது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு.

இத்தகைய விவாதத்தை நான் வரவேற்கிறேன். ஓர் அணியில் 25 பேருக்கு மேல் கூடாது. அவர்களில் வெளிநாட்டவர் 8 பேர், களத்தில் இறங்குவோர் 4 பேர் என்பது வரம்பு. செலவுக்கும் உச்சவரம்பு உண்டு. இந்தக் கட்டுக்குள் நின்று கணக்குப் போடும் இளைஞன் வரவு செலவையும் கற்கிறான், ஆட்களை எடைபோடவும் கற்கிறான்.

என் வருத்தம் வேறு. "கர்நாடகத்தில் சம்பாதித்துவிட்டுச் சென்னைக்குக் கைதட்டுகிறாயா?" என்று ஒருவர் கேட்கிறார். "தமிழனாகப் பிறந்து பெங்களூர் அணிக்குக் கொடி பிடிக்கிறாயா?" என்று இன்னொருவர் கேட்கிறார். 1991-இல் பெங்களூரில் நடந்த காவிரிக் கலவரத்தை அறிந்த தலைமுறைக்கு இந்தக் கேள்விகள் வேடிக்கையாகத் தோன்றுவதில்லை.

ஆட்டக்காரர்களின் பட்டியலைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். சென்னையின் தினேஷ் கார்த்திக் 2022 முதல் 2024 வரை பெங்களூர் அணிக்கு ஆடினார். 2025-இல் அந்த அணி முதன்முறையாகக் கோப்பை வென்றபோது மட்டைவீச்சுப் பயிற்சியாளராக உடனிருந்தார். கர்நாடகத்தின் ராபின் உத்தப்பா 2021-இல் கோப்பை வென்ற சென்னை அணியில் ஆடியவர். சென்னையில் பிறந்து வளர்ந்த அஸ்வின் புனே, பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான் எல்லாம் சுற்றி 2025-இல்தான் சென்னை அணிக்குத் திரும்பினார். தோனி ராஞ்சிக்காரர், கோலி டெல்லிக்காரர். 2018-இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை அணியின் உள்ளூர் ஆட்டங்களே புனேவுக்கு மாற்றப்பட்டன. அந்த ஆண்டும் கோப்பை அதற்குத்தான் கிடைத்தது.

ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு அணி என்பது ஒரு ரயில் வண்டிபோல் தெரிகிறது. எஞ்சின் சித்தரஞ்சனிலிருந்து வரும், பெட்டி பெரம்பூரிலிருந்து வரும், சக்கரம் எலகங்காவிலிருந்து வரும். எல்லாம் சேர்ந்து ஓடும்போது வண்டிக்கு ஓர் ஊரின் பெயர். அந்தப் பெயருக்காகப் பயணிகள் அடித்துக்கொள்வார்களா?

ஏலத்தில் எந்த அணி தன்னை எடுக்கும் என்பது ஆட்டக்காரரின் கையில் இல்லை. எடுத்த அணிக்கு உண்மையாக உழைப்பதே அவர் தொழில் தர்மம். மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டி படுக்கையோடு கிளம்பும் அரசு ஊழியரும் அதைத்தானே செய்கிறார்? சென்ற ஆண்டு நம் எதிரணியில் இருந்தவர் இந்த ஆண்டு நம் அணிக்கு வந்ததும் வசவை மறந்து மாலை போடுகிறோம். முன்பின் அறியாத ஆட்டக்காரருக்குக் காட்டும் இந்தப் பெருந்தன்மையை, பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டக் கூடாதா?

தங்கவயல் தமிழர்களாகிய நாமே பிழைப்புக்காக ஊர் மாறி வந்தவர்களின் வாரிசுகள். வட ஆற்காட்டிலிருந்தும் மற்ற மாவட்டங்களிலிருந்தும் வந்த நம் பாட்டன்மார் சுரங்கத்தில் இறங்கி உழைத்தார்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பின், பெங்களூர் வேலைதான் நம் பல வீடுகளில் அடுப்பெரிய வைக்கிறது. வீட்டில் தமிழும் வேலையிடத்தில் கன்னடமும் பேசி வாழ்கிறோம். இரண்டு ஊர்களையும் நேசிக்க நம்மைவிடத் தகுதி படைத்தவர் யார்?

ஆகவே இளைஞர்களே, ஜடேஜா போனது சரியா, சாம்சன் வந்தது லாபமா என்று தாராளமாக வாதிடுங்கள். ஆனால் பேச்சு ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் விட்டு மொழிக்குத் தாவினால், அங்கேயே நிறுத்துங்கள். ஆட்டக்காரர் அடுத்த ஏலத்தில் வேறு ஊருக்குப் போய்விடுவார். பக்கத்து இருக்கை நண்பரோ மறுநாள் காலையும் அதே ரயிலில்தான் வருவார்.