தகட்டுக்குக் கடன் உண்டு, கூரைக்கு?

தலைநகர் தில்லியின் மின்தேவை 2024 ஜூன் 19-ஆம் தேதி 8,656 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, மே 30-ஆம் தேதி, நாட்டின் மொத்த மின்தேவை 250 ஜிகாவாட்டை எட்டியது. கடும் வெயிலும், அதைத் தணிக்க இரவு பகலாக இயங்கிய குளிரூட்டும் சாதனங்களும் இதற்கு முக்கியக் காரணங்கள். கோடைதோறும் மின் உற்பத்தியைப் பெருக்குவது குறித்துப் பேசப்படுகிறது. அந்த மின்சாரத்தை விழுங்கும் கட்டடங்கள் குறித்து அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

சட்டங்களுக்குக் குறைவில்லை. எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-இல் இயற்றப்பட்டது. வணிகக் கட்டடங்களுக்கு 2007-லும், குடியிருப்புகளுக்கு 2018-லும் விதித்தொகுப்புகள் வெளியிடப்பட்டன. ஆனால், இவை பெரும்பாலும் இனி எழுப்பப்படும் கட்டடங்களைக் கருத்தில் கொண்டவை. ஏற்கெனவே நிற்கும் கோடிக்கணக்கான வீடுகளின் நிலை என்ன? பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம், இரவெல்லாம் அந்த வெப்பத்தை வீட்டுக்குள் இறக்குவதை மேல்தளத்தில் குடியிருப்போர் நன்கு அறிவர்.

இதற்கான தீர்வு புதிதல்ல. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு, தளத்தின் மீது வெப்பத்தடுப்புப் படலம், ஜன்னல்களுக்கு வெளிப்புற நிழல்மறைப்பு, 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் அளவில் சுழலும் விசிறி ஆகியவை போதும். தடையாக இருப்பது பணம்தான். செலவு ஒரே தவணையில் வருகிறது. சேமிப்போ மாதந்தோறும் சிறுகச் சிறுகத்தான் திரும்புகிறது. வீட்டைப் பழுதுபார்க்க வங்கிகள் கடன் தருகின்றன. ஆனால், வெப்பத்தைத் தடுக்கும் கூரைக்கும் வரவேற்பறையின் பளிங்குக் கல்லுக்கும் பொதுவாக ஒரே வட்டிதான்.

மத்திய அரசு இதற்கு வழி அறியாததல்ல. வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு பொருத்த, 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட திட்டத்தின் கீழ் மானியமும், பிணையின்றிக் குறைந்த வட்டிக் கடனும் கிடைக்கின்றன. எரிசக்தியைச் சேமிக்கும் இயந்திரங்களை நிறுவும் குறு, சிறு தொழில்களுக்கு 5 சதவீதமும், நடுத்தரத் தொழில்களுக்கு 3 சதவீதமும் வட்டிச் சலுகை அளிக்கும் திட்டம் 2025 ஜூலையில் தொடங்கப்பட்டது. கூரைக்கு மேலுள்ள தகட்டுக்கும் ஆலையிலுள்ள மோட்டாருக்கும் பொருந்தும் நியாயம், கூரைக்குப் பொருந்தாதா?

பிற நாடுகளின் அனுபவம் நமக்குப் பாடம். ஜெர்மனியில் அரசுக்குச் சொந்தமான வளர்ச்சி வங்கி, பழைய வீடுகளைச் சீரமைக்க நீண்டகாலக் குறைந்த வட்டிக் கடன் வழங்கி வந்துள்ளது. நிர்ணயித்த தரத்தை எட்டினால் அசலில் ஒரு பகுதியும் தள்ளுபடியாகும். பிரிட்டன் 2013-இல் தொடங்கிய திட்டத்தில் வட்டி ஏறத்தாழ 7 சதவீதம். வீட்டுக் கடனைவிட அதிகம். மக்கள் ஒதுங்கினர், 2015-இல் அரசு நிதியை நிறுத்தியது. கடன் கிடைத்தால் மட்டும் போதாது, வட்டியும் குறைவாக இருக்க வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

வாடகை வீட்டில் சீரமைப்புச் செலவு உரிமையாளருக்கு, பயன் குடியிருப்பவருக்கு என்ற சிக்கல் உண்டு. தவணையை மின் கட்டணத்துடன் சேர்த்து வசூலித்தால் இது பெருமளவு தீரும். 2015-இல் தொடங்கிய எல்இடி பல்பு திட்டத்தில் இவ்வாறு வசூலித்த முன்னுதாரணம் நம்மிடமே உள்ளது. இலவச மின்சாரம் பெறும் வீடுகளில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் அரசின் மானியச் சுமையையே குறைக்கிறது. எனவே, அங்கு வட்டியை முழுமையாக அரசே ஏற்பதுதான் முறை. பட்டா இல்லாத தகரக் கொட்டகைவாசிகளுக்குக் கடன் எட்டாது. அவர்களுக்கு நேரடி மானியமே வழி.

கடன் தொகைக்கு உச்சவரம்பும், சிறு வீடுகளுக்கு முன்னுரிமையும், பணி முடிந்தபின் தணிக்கையும் அவசியம். இல்லையெனில், வசதி படைத்தோரின் வீட்டு அலங்காரத்துக்கு வரிப்பணம் போய்விடும்.

கூரையில் விழும் வெயிலை அறுவடை செய்யக் கடன் தரும் அரசு, அதே வெயில் வீட்டுக்குள் இறங்காமல் தடுக்கவும் கடன் தர வேண்டும். உற்பத்தி செய்யும் யூனிட்டுக்கு உள்ள மதிப்பு, சேமிக்கும் யூனிட்டுக்கும் உண்டு.