பாலையும் பெருவீதியும்

பாலைவனம் என்றவுடன் மணலும் வெயிலும் நீரின்மையுமே நம் மனக்கண்முன் தோன்றுவன. ஆயினும், அமெரிக்க நாட்டின் தென்மேற்கிலே, மழை உரிய காலத்தில் நன்கு பெய்த சில ஆண்டுகளில், இளவேனில் வந்ததும் பாலை பூங்காவாகி விடுகின்றது. அதனைக் காண மக்கள் மோட்டார் வண்டிகளிலே பெருவீதி வழியாகத் திரளுகின்றனர். அவர்கள் அதனை எவ்வாறு காணல் தகும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது.

கலிபோர்ணியாவிலுள்ள மரணப் பள்ளத்தாக்கில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறத்தாழ 2 அங்குலமே. அந்நிலம் 1998, 2005, 2016 ஆகிய ஆண்டுகளிற் பொன் போர்த்தாற்போல மஞ்சட் பூக்களால் நிறைந்தது. அப்பூக்களை ஈன்றவை பல்லாண்டு மண்ணுள் உறங்கிக் கிடந்த வித்துக்கள். அவற்றுட் பலவற்றின் தோலிலே முளைத்தலைத் தடுக்கும் பொருள் உண்டு. சிறுதூறல் அதனைக் கழுவாது. நன்மழை பெய்து கழுவிய பின்னரே வித்து முளைக்கும். தூறலை நம்பி முளைத்தால் பூக்குமுன்னரே கருகிவிடும் அன்றோ? முளைத்த செடியோ சில வாரங்களிற் பூத்து, காய்த்து, வித்துதிர்த்து மாய்கின்றது. ஆதலின் இன்று பறிக்கப்படும் பூ, என்றோ வரப்போகும் மழைக்கு வைத்த முதலாகும்.

இதனை உணராதார் செயல் யாதாயிற்று? பாலைக்கு மேற்கே எல்சினோர் ஏரி என்னும் சிறு நகரின் அருகே, பெருவீதியை அடுத்த குன்றுகள் 2019 மார்ச்சில் செம்மஞ்சட் பொப்பிப் பூக்களால் மூடப்பட்டன. அங்குத் திரண்டோருட் பலர் படம் பிடித்தற்பொருட்டுப் பாதையை விட்டிறங்கிப் பூக்களை மிதித்தனர், அவற்றின்மேற் கிடந்தனர். வீதிகளோ வண்டிகளால் அடைபட்டன. நகரத்தார் சிலகாலம் வழியை மூடினர். 2023 இல் பூக்காலத் தொடக்கத்திலேயே முற்றாக மூடிவிட்டனர்.

மூடுதலே என்றும் நன்று என்பாருமுளர். அதற்கு யான் உடன்படேன். கண்டறியாத ஒன்றைக் காக்க முன்வருவார் அரியர். பெருவீதியோ முதியோரும் நடக்க இயலாதோரும் இருந்தவாறே காண உதவுவது. மேலும், தார்வீதியில் விழுந்த மழைநீர் இருமருங்கும் வழிதலால் வீதியோரத்திற் பூக்கள் செறிந்து நிற்றலும் உண்டு. இறங்கி மிதித்தற்கு வேண்டுவது யாது?

வீதியும் குற்றமற்றதன்று. வட ஆபிரிக்கா, மேற்காசியா முதலிய இடங்களுக்குரிய கடுகினம் ஒன்று, வண்டிகளில் ஒட்டிய வித்துக்களால் வீதியோரமாகப் பரவி அந்நிலத்துப் பூண்டுகளை நெருக்குகின்றது. அன்சா பொறேகோ பாலைவனப் பூங்காவிலே தொண்டர்கள் அதனைக் கையாற் பிடுங்கி வருகின்றனர். வீதியால் வந்த தீங்கை வீதியிற் செல்வோரே களைதல் முறையாகும். காட்சிக்கு அவர்கள் கொடுக்கத்தக்க விலையும் அதுவே.

வறண்ட நிலத்திற்கும் ஒரு மரத்தின் பெயரையிட்டுப் பாலை என வழங்கியது நம் இலக்கிய மரபு. வறுமையுள்ளும் உயிர் உறைதலை அம்மரபினர் அறிந்திருந்தனர் போலும். மாணவர்காள்! உங்களுட் சிலர் கல்வியின்பொருட்டோ தொழிலின்பொருட்டோ அந்நாடு செல்லுதல் கூடும். பூத்த பாலையை ஒருகால் காண நேரின், வீதியோரத்தே நின்று காண்மின். கண்ணாற் கொள்வது எத்துணையாயினும் குறைவுபடாது. கையாற் கொள்வது ஒன்றாயினும் குறைவே.