சைக்கிள் எஞ்சினின் வேகம்

சாதாரண சைக்கிளின் பிரேமுக்கு நடுவே பொருத்தும் சீனத் தயாரிப்பு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பரவலாகப் புழங்குவது 66 சிசி வகை. பல கடைகளில் இதை 80 சிசி என்று சொல்லி விற்கிறார்கள். சிலிண்டரின் விட்டம் 47 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 38 மி.மீ.; கணக்குப் போட்டால் 66 தான் வரும். கிடைக்கும் சக்தி இரண்டு, இரண்டரை குதிரைத்திறன். அந்தக் கொஞ்சத்திலும் ஒரு பகுதி, சரியாகப் பொருந்தாத இணைப்புகளிலும் தோராயமாக வைத்த கார்பரேட்டரிலும் வீணாகிறது. வேகம் கூட்ட நினைப்பவர் பணம் செலவழிப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் கேஸே ஒரு பம்பாக வேலை செய்கிறது. பிஸ்டன் மேலேறும்போது பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளே இழுக்கிறது, கீழிறங்கும்போது அதை அழுத்தி சிலிண்டருக்குள் அனுப்புகிறது. கார்பரேட்டரும் இன்டேக் குழாயும் சேரும் இடத்திலோ, கேஸ்கெட்டிலோ, கிராங்க் சீலிலோ மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது இந்த இணைப்புகளின் மேல் சிறிது தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். இன்டேக் குழாயின் துளையும் சிலிண்டரின் துளையும் பல கிட்டுகளில் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அரம் போட்டு விளிம்புகளைச் சமமாக்கினாலே மூச்சு சீராகிறது. செலவே இல்லாத வேலை இது.

அடுத்தது, கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட். பெட்ரோல் தேவைக்குக் குறைந்தால் எஞ்சின் முதலில் சுறுசுறுப்பாக ஓடுவதுபோலத் தோன்றும். பிறகு சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆயில் பெட்ரோலோடு கலந்தே வருவதால், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. பாதுகாப்புக்கென்று ஆயிலைக் கூடுதலாக ஊற்றினாலோ, அதே ஜெட் வழியே போகும் பெட்ரோலின் பங்கு குறைந்து கலவை இன்னும் வறண்டுபோகிறது. புது எஞ்சினுக்கு 16 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில், பழகிய பின் 20 முதல் 25 பங்குக்கு ஒன்று என்பது வழக்கம். விகிதத்தை மாற்றும்போதெல்லாம் ஜெட்டையும் பார்க்க வேண்டும். அதற்கு நம்பகமான சாட்சி ஸ்பார்க் பிளக். முழு த்ராட்டிலில் ஓட்டி, அப்படியே எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றினால் நுனி பழுப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ஒரு எண் பெரிய ஜெட். கரி படிந்து ஈரமாக இருந்தால் ஒரு எண் சிறியது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்ற பொறுமை இல்லாதவர் எந்தப் பாகத்தையும் தொடாமல் இருப்பது நல்லது.

பிறகுதான் பல்சக்கரம். எஞ்சினுக்குள்ளேயே வேகம் சுமார் 4.1 மடங்கு குறைகிறது. வெளியே 10 பல்லும் பின்சக்கரத்தில் 44 பல்லும் சேர்ந்து அந்தக் குறைப்பை 18 மடங்காக்குகின்றன. 26 அங்குல சக்கரத்துடன் நிமிடத்துக்கு 5,000 சுழற்சியில் வண்டி மணிக்கு ஏறத்தாழ 34 கி.மீ. போகும். பின்னால் 36 பல் போட்டால் அதே சுழற்சியில் 42 கி.மீ. கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் கனத்துக்கேற்ப ஏறுகிறது. எஞ்சினிடம் அந்தச் சக்தி இல்லையென்றால் சுழற்சி 5,000-ஐத் தொடாது, மேட்டில் பிக்கப்பும் போய்விடும். சமதளத்தில் தனியாக ஓட்டுபவருக்கு 36. சுமையும் மேடும் உள்ளவருக்கு 44-ஐ விடாமல் வைத்திருப்பதே சரி.

உண்மையாகச் சக்தியைக் கூட்டுவது எக்ஸ்பேன்ஷன் சேம்பர் எனப்படும் விரிந்து சுருங்கும் சைலன்சர். எக்ஸாஸ்ட் துளை திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, விரியும் கூம்பில் பட்டு உறிஞ்சலாகத் திரும்பிப் புதுக் கலவையை இழுக்கிறது; சுருங்கும் கூம்பில் பட்டு மறுபடி அழுத்தமாகத் திரும்பி, வெளியே தப்பிய கலவையைத் துளை மூடுமுன் உள்ளே தள்ளுகிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் இதைப் பந்தயத்துக்கு ஏற்றபடி செதுக்கினார். அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டேக்னர் 1961இல் ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்கே தப்பி, இந்த நுட்பத்தோடு சுஸுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுஸுகிக்கு. சைக்கிள் எஞ்சினைவிடச் சிறிய எஞ்சின் அது! ஆனால் இந்த அலைகள் குறிப்பிட்ட சுழற்சி எல்லைக்குள் மட்டுமே சரியான நேரத்துக்குத் திரும்பும். குழாயின் நீளம் அந்த எல்லையை நிர்ணயிக்கிறது: நீளம் கூடினால் கீழ்ச் சுழற்சியில் பலம், குறைந்தால் மேலே. பல்சக்கரத்தோடு பொருத்திப் பார்க்காமல் வாங்கினால் சத்தம் மட்டுமே மிஞ்சும். மாட்டிய பின் ஜெட்டையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ஹெட்டைச் சீவி கம்ப்ரஷன் ஏற்றுவது கடைசி வேலை. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளக்காமல் அதில் இறங்கக் கூடாது.

34 கி.மீ.யிலிருந்து 42 ஆகும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்காகிறது. மலிவான கிட்டுகளில் பின் பல்சக்கரம் ரப்பர் துண்டுகளோடு போக்ஸ் கம்பிகளில் இறுக்கப்பட்டிருக்கும். வேகம் ஏறினால் கம்பிகள் தளர்ந்து அறுகின்றன, செயின் தாண்டிச் சக்கரத்தைப் பூட்டிவிடும். ஹப்பில் நேரடியாகப் பிடிக்கும் அடாப்டரும் நல்ல டிஸ்க் அல்லது டிரம் பிரேக்கும் எக்ஸ்பேன்ஷன் சேம்பருக்கு முன்பே வாங்க வேண்டியவை. இந்தியாவில் சட்டமும் கவனத்துக்குரியது: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறைப்படி, நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் 25 சிசி வரைதான் விலக்கு. 66 சிசி பொருத்திய சைக்கிள் பொதுச்சாலைக்கு வந்தால் அது மோட்டார் வாகனம். பதிவும் காப்பீடும் ஓட்டுநர் உரிமமும் தேவை.