நறுமணமும் நாமும்

மனிதன் நறுமணத்தை நாடத் தொடங்கிய காலம் மிகப் பழையது. வழிபாட்டிற்காக மூட்டிய தீயிலே நறும்பிசின்களையும் வாசனை மரங்களையும் இட்டு எழுப்பிய புகையே தொன்மையான நறுமணங்களுள் ஒன்று. மேலை மொழிகளில் வழங்கும் ‘பெர்ஃபியூம்’ என்னும் சொல்லே ‘புகையின் ஊடாக’ எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களினின்றும் பிறந்ததாகும். கி.மு. 1200 அளவில் மெசொப்பொத்தேமியாவில் தப்பூத்தி என்னும் பெண்மணி நறுமணத் தைலம் செய்தமைக்குக் களிமண் ஏடொன்று சான்று பகர்கின்றது. எம் முன்னோரும் சந்தனம், அகில், புனுகு, சவ்வாது என்பவற்றால் நன்னாள்களை மணக்கச் செய்தனர். இன்றும் விழா மண்டப வாயிலிலே பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்தே விருந்தினரை வரவேற்கின்றோம்.

ஜேர்மனியில் வாழும் எமக்கு மிக நெருக்கமான வரலாறு ஒன்று இத்துறையில் உண்டு. ‘ஓடிக்கொலோன்’ என்றதும் எம் பெற்றோரின் நினைவில் எழுவது யாது? காய்ச்சலிற் கிடந்த பிள்ளையின் நெற்றியில் நனைத்து இடப்பட்ட கைக்குட்டையன்றோ! ஊரிலே அலுமாரியில் மருந்தோடு மருந்தாக இருந்த அச்சிறு போத்தலின் பெயர், ‘கொலோன் நகரத்து நீர்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் திரிபேயாகும். இன்று எம் பிள்ளைகள் புகைவண்டியிற் கடந்து செல்லும் அதே கொலோன் நகரந்தான் அது.

அந்நீரை ஆக்கியவர் கொலோனிற் பிறந்தவர் அல்லர். யோகான் மரியா பாரினா என்னும் அவர் 1685 இல் இத்தாலியின் வடபுலத்து மலையூர் ஒன்றிற் பிறந்தவர். தமையனார் 1709 இல் கொலோனில் தொடங்கிய வணிக நிலையத்தில் 1714 இல் இணைந்து கொண்டார். பேர்கமொட், தேசி, தோடை முதலிய கனிகளின் தோலெண்ணெய்களை மதுசாரத்திற் கலந்து அவர் ஆக்கிய நறுமணம், இத்தாலியில் மழை ஓய்ந்த இளவேனிற் காலையைத் தமக்கு நினைவூட்டுவதாகத் தமையனாருக்கு எழுதினார். தாயகத்தின் மணத்தை நெஞ்சிற் சுமந்து வந்த அவர், தம்மை ஏற்றுக்கொண்ட நகரின் பெயரையே அதற்குச் சூட்டினார். அந்நிலையம் இன்றும் அந்நகரில் இயங்கி வருகின்றது.

அக்காலத்தில் இத்தகைய நீர்களை மருந்தென்றும் விற்றனர். மருந்துகளின் கலவைமுறையை வெளியிட வேண்டுமென நெப்போலியன் 1810 இல் ஆணை பிறப்பித்தபோது, தம் இரகசியத்தைக் காக்க விரும்பிய வணிகர் அதனை வெறும் வாசனைப் பொருளென்றே விற்கலாயினர். ஆயினும் எம்மவர் இல்லங்களில் அது நெடுங்காலம் மருந்தாகவே வாழ்ந்தது.

பின்னர் இரசாயனவியல் இத்துறையை மாற்றியமைத்தது. 1868 இல் வில்லியம் பேர்க்கின் கூமரின் என்னும் மணப்பொருளைச் செயற்கையாக ஆக்கினார். 1874 இல் ஜேர்மனியில் வனிலாவின் மணம் தரும் வனிலினும் ஆக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான மலர்களைப் பிழிந்து அரசரும் செல்வரும் மட்டும் நுகர்ந்த இன்பம் இவ்வாறு யாவர்க்கும் கிட்டியது. இன்று அது எம் மாணவரின் புத்தகப்பையிலும் இடம் பிடித்துள்ளது.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டியுள்ளது. ஒரு சனிக்கிழமை, எமது வகுப்பிற்கு வந்த மாணவர் ஒருவரின் வாசனைத் தெளிப்பு மிகுந்து, அருகிருந்தோர் இருமத் தொடங்கினர். தனியே அழைத்து அன்போடு வினவியபோது, வாரநாட் பாடசாலையில் ஒருவர் தம் குளிரங்கியை முகர்ந்து மூக்கைச் சுளித்ததாக அம்மாணவர் தலைகுனிந்து கூறினார். அன்று தொட்டு நாள்தோறும் அங்கி நனையத் தெளித்தே வீட்டினின்றும் புறப்படுகின்றாராம். அம்மாவிடம் சொல்லவில்லையா எனக் கேட்டோம். அம்மா கவலைப்படுவார் என்றார்.

அன்புப் பெற்றோரே, தாளித்த கறியின் மணம் அழுக்கன்று. அது எம் பிள்ளைகளை வளர்த்த உணவின் மணம். அதற்காக எவரும் நாணவேண்டியதில்லை. ஆனால் குளிர்காலத்திற் சாளரங்களை மூடிவைத்துச் சமைக்கும்போது அம்மணம் கம்பளி ஆடையிற் படிந்துவிடும் என்பதும் உண்மை. சமையலறைக் கதவைச் சாத்துதல், குளிரங்கிகளை வேறோர் அறையில் மாட்டுதல், சமைத்தபின் சற்று நேரம் சாளரத்தைத் திறந்து வைத்தல் ஆகிய மூன்றும் எந்த விலையுயர்ந்த போத்தலைக் காட்டிலும் பயன்தரும். நீராடாத உடலிலும் துவைக்காத உடையிலும் தெளிக்கும் வாசனை தூய்மையைத் தராது. இரு மணங்களைக் கலந்து மூன்றாவதொன்றை உண்டாக்கும், அவ்வளவே.

அன்பு மாணவரே, வாசனை பூசுவது தவறென நாம் கூறவில்லை. சிறுவருக்கு இவை எதற்கு எனச் சில பெற்றோர் முற்றாகத் தடுப்பதும் எமக்கு உடன்பாடன்று. தடுத்தால் ஒளித்துப் பூசுவர். அளவைக் கற்பித்தலே நன்று. அருகே வந்து பேசுபவர் உணர்ந்தாற் போதும்; அறை முழுவதும் உணர வேண்டியதில்லை. சில வாசனைப் பொருள்கள் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை விளைக்கும்; மூச்சிழுப்பு உள்ளோர் மிகுதியான வாசனையால் துன்புறுவர். 2005 முதல் 26 மணப்பொருள்களைப் பொதிகளில் பெயர் சுட்ட வேண்டுமென விதித்த ஐரோப்பிய ஒன்றியம், 2023 இல் அப்பட்டியலை எண்பதுக்கும் மேலாக விரித்தது. எனவே வகுப்பறையிலே தெளித்தலைத் தவிருங்கள். மதுசாரம் எளிதில் தீப்பற்றும் ஆதலின், குத்துவிளக்கின் அருகிலும் தெளியாதீர்கள்.

பாரினா தம் ஊரின் நினைவை மறைத்து வாழவில்லை. அதையே வடித்தெடுத்து வந்த நாட்டிற்கு வழங்கினார். நாமும் எம்மை மறைப்பதற்காக வாசனை பூசாதிருப்போம். மகிழ்ச்சிக்காகச் சிறிதளவு பூசுவோம். பிள்ளைகள் நாணத்தோடு மறைத்து வைத்திருக்கும் சொற்களையும் இன்றிரவு இல்லத்திலே பரிவோடு கேட்டறிவோமாக.