ஓடும் இயந்திரமே ஆவணம்

அமெரிக்காவில், மேற்புறம் திறந்து துணியிடும் பழைய சலவை இயந்திரங்களைத் தேடிச் சேகரித்து, பழுதுநீக்கி, மீண்டும் ஓடவிடுவோர் உள்ளனர். இதனை வெறும் பழம்பொருள் மோகம் என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை.

ஒரு சான்று: ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஃபிரிஜிடேர் என்னும் பெயரில் 1947இல் வெளியிட்ட தானியங்கி இயந்திரத்தின் நடுத்தண்டு, பிறவற்றைப்போல் இடமும் வலமுமாகத் திரும்பாது, மேலும் கீழுமாகக் குதித்துத் துணியை அலசும். 1979இல் அப்பிரிவு வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது; அவ்வடிவமைப்பும் கைவிடப்பட்டது. சேகரிப்பாளர்கள் நேசிப்பது இத்தகைய விசித்திரங்களையே.

இலக்கணமும் அகராதியும் எஞ்சியிருந்தாலும் பேசுவோர் இன்றி ஒரு மொழி வாழ்வதில்லை என்பதை மொழியியல் பயின்றோர் அறிவர். இயந்திரமும் அத்தகையதே. அத்தண்டு எவ்வாறு அசையும் என்பதைக் கையேடு விளக்கும். எவ்வொலி எழுந்தால் எப்பாகம் தேய்ந்துள்ளது என்பதைப் பழுதுநீக்குபவரின் செவியே அறியும். கண்ணாடிப் பேழைக்குள் நிறுத்திய இயந்திரம் உருவத்தைக் காக்கும், இவ்வறிவைக் காக்காது.

இவை நீரை மிகுதியாகச் செலவிடுகின்றன என்ற கண்டனம் நியாயமானது. வீடுதோறும் இவை திரும்ப வேண்டும் என்பது என் வாதமன்று. ஆயினும், அச்சில் உள்ளதை மட்டுமே சான்றாக ஏற்கும் நம் ஆய்வுப் பழக்கம் குறையுடையது. தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் இச்சேகரிப்பாளர்களிடம் சென்று, அவர்கள் கைகள் செய்வதையும் செவிகள் கேட்பதையும் பதிவுசெய்ய வேண்டும். உதிரிபாகத்தைப் புதிதாக வார்த்துவிடலாம். மறைந்த செவியை வார்க்க இயலாது.